காதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்!

உங்கள் வீட்டில் சின்ன நாய் ஏதாவது வளர்கிறதா? அப்படியானால், மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் காதானால் மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள். நிமிர்ந்த காதானால் அப்படியே இருக்கட்டும். பிறகு குனிந்து, மூக்கைக் காதருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பாருங்கள்.

முகத்தைச் சுளிக்க வேண்டாம். சாம்பார் கொதிக்கும்போதே பெருங்காயம் போட்டாயிற்றா, இல்லையா என்று கூடத்திலிருந்தபடி சொல்லிவிடுகிற மூக்கல்லவா உங்களுடையது? நாயின் காது விஷயத்தில் அதைவிட நல்ல கருவி வீட்டில் வேறு கிடையாது. ஆரோக்கியமான காதில் வாசனை என்று பிரமாதமாக ஒன்றும் இராது. புளித்த மாவு நெடி அடித்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ உள்ளே ஏதோ கோளாறு நடக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் சாப்பிட மறுக்கிறது. காலில் முள் குத்தினால் நொண்டுகிறது. நமக்குப் புரிகிறது. காது வலித்தால் என்ன செய்யும், பாவம்? தலையை உதறும். “கொசு கடிக்கிறது போலிருக்கு” என்று நாம் விட்டுவிடுகிறோம். சோபாவில் காதை வைத்துத் தேய்க்கும். “பார், பார், என்னமாய் விளையாடுகிறது!” என்று சிரிக்கிறோம். கடைசியில் யாராவது தலையைத் தடவப் போகும்போது ‘வள்’ளென்று விழுகிறது. உடனே, கடிக்கிற நாய் என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது கிட்டத்தட்ட விபரீதமாகவே போய்விட இருந்தது. மயிலாப்பூரில் மூன்றாவது மாடிக் குடித்தனம். நாலு வயது ஷிட்ஸூ நாய், பெயர் ஜிம்மி. அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ஆறு வயதுப் பேத்தி. ஒரு நாள் குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டதும் ஜிம்மி அவள் கையைக் கவ்விவிட்டது. பல் பதியவில்லை என்றாலும் வீடே அமர்க்களப்பட்டது. “யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்” என்று குழந்தையின் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பாட்டிக்கு ஜிம்மி என்றால் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. சமையலறை வாசற்படியைத் தாண்ட விடமாட்டார். அவர்தான் அன்று மாலை, “ஏண்டி, மாவு புளிச்சுப் போச்சா என்ன?” என்று மருமகளைக் கேட்டார். மாவு குளிர்ப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. வாசனை நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த ஜிம்மியின் வலது காதிலிருந்து வந்துகொண்டிருந்தது! மிருக வைத்தியர் பார்த்தபோது துவாரம் வீங்கிப் பாதி அடைத்துப் போயிருந்ததாம். மூன்று வாரச் சிகிச்சை. ஜிம்மி இப்போது பேத்தியின் பள்ளிக்கூடப் பையின் மேல்தான் தலை வைத்துப் படுக்கிறது.

இத்தனை தொந்தரவு ஏன் நாய்க்கு மட்டும் என்று கேட்கிறீர்களா? அதன் காதின் அமைப்பு அப்படி. நமக்குக் காதுத் துவாரம் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கோ முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலையின் உட்புறமாகத் திரும்புகிறது. கிணற்றில் இறங்கினால் அடியில் பக்கவாட்டாக ஒரு சுரங்கம் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரங்கத்தின் கோடியில் இருக்கிறது செவிப்பறை. மேலிருந்து எட்டிப் பார்க்கிற நமக்குக் கிணறு கொஞ்சம் தெரியும். சுரங்கம் தெரியவே தெரியாது. உள்ளே போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. காது மடல் மூடி மாதிரி தொங்கிவிட்டால் காற்றும் புகாது. காக்கர் ஸ்பானியலுக்கு இதுதான் தலைவலி. ஷிட்ஸூ, பூடில் வகைகளுக்கோ துவாரத்துக்குள்ளேயே மயிர் முளைக்கிறது. இதோடு சென்னைப் புழுக்கத்தையும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயின் காதில் எப்போதும் கொஞ்சமாகச் சாதுவாகக் குடியிருக்கும் காளான் கிருமி, ஈரமும் வெப்பமும் கிடைத்ததும் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டுவிடும்.

ஆனால் காது ஒன்றும் வக்கற்ற உறுப்பு அல்ல. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அதற்குத் தெரியும். உள்ளே இருக்கும் மெல்லிய தோல் செவிப்பறையிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது; குரும்பியையும் சுமந்து வந்து வாசலில் தள்ளுகிறது. நாம் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுக் குடையும்போது என்ன நடக்கிறது? அது பாடுபட்டு வெளியே கொண்டு வந்ததையெல்லாம் மறுபடி சுரங்கத்துக்குள் தள்ளி இறுக்கிவிடுகிறோம். நாய் சடாரென்று தலையைத் திருப்பினால் குச்சி எங்கே போய்க் குத்துமோ! ஆகையால் குச்சி வேண்டாம். கொண்டை ஊசி, தீக்குச்சி இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் காதுக்கே அவை கூடாது.

இன்னொன்று, எண்ணெய். குழந்தைக்குக் காது வலித்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விடும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. அதே அன்போடு நாய்க்கும் விடுகிறார்கள். வெளியேற வழியில்லாத சுரங்கத்தில் எண்ணெய் தங்கிவிடும். அழுக்கும் தூசியும் அதில் ஒட்டும். அந்தக் காளான் கிருமிக்கோ கொழுப்பு என்றால் விருந்து! ஸ்பிரிட், வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புண்ணான தோலில் பட்டால் தீயாய் எரியும். ஒரு முறை எரிந்துவிட்டால் அந்த நாய் ஆயுளுக்கும் உங்களைக் காதைத் தொட விடாது. உங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த காது சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் இருக்கிறதா? அதுவும் கூடாது. உள்ளே செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரியாது. கிழிந்திருந்தால், சில மருந்துகள் உள்காது வரைக்கும் போய்க் கேட்கும் சக்தியையே பறித்துவிடக்கூடும்.

சரி, எதுவுமே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம், எப்படி என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாய்களுக்கென்றே தயாரித்த காது கழுவும் திரவம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. எது உங்கள் நாய்க்குச் சரி என்று ஒரு தடவை வைத்தியரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் பஞ்சு, ஒரு பழைய துண்டு, வேகவைத்த காரட்டோ கோழித் துண்டோ சிறிது. பழைய புடவையாகக் கட்டிக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் தெரியும்.

மாலையில் உலாவிவிட்டு வந்து, களைத்துப் படுக்கப் போகிற நேரம் பாருங்கள். பாட்டிலைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தால் குளிர்ச்சி போய்விடும். சில்லென்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, நாயின் பின்பக்கம் உங்கள் வயிற்றோடு அணைந்திருக்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முகம் வைத்துக்கொண்டால் பயப்படும். காது மடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, பாட்டிலின் முனை காதில் படாமல், துவாரம் நிறையும் அளவு திரவத்தை விடுங்கள். பிறகு காதுக்குக் கீழே, தாடை ஆரம்பிக்கும் இடத்தை விரலால் மெதுவாகப் பிசையுங்கள். குழாய் போல் கையில் தட்டுப்படும். ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். அரை நிமிஷம் போதும். அநேக நாய்களுக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப் போகும்.

இப்போது கையை எடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். தலையை ஓர் உதறு உதறும் பாருங்கள், கோயில் யானை தும்பிக்கையால் தண்ணீர் தெளித்த மாதிரிதான். பழைய புடவை எதற்கு என்று அப்போது தெரியும். உள்ளே ஊறிய அழுக்கை மேலே கொண்டு வருவது அந்த உதறல்தான், அதைத் தடுக்கக்கூடாது. பிறகு விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் தானாகப் போகும் மட்டும் துடைத்து எடுங்கள். அதற்கு மேல் உள்ளே போவது நம் வேலையல்ல. மறு காதுக்குப் புதுப் பஞ்சு. காரட்டைக் கொடுத்துத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? முகர்ந்து பார்ப்பது வாரா வாரம். கழுவுவது தேவைப்பட்டால் மட்டும். சுத்தத்தில் அதிக ஆசை உள்ள சகோதரிகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காது தினம் தினம் கழுவும் சமையல் மேடை அல்ல. ஓயாமல் நனைத்துக்கொண்டே இருந்தால் தோல் ஊறி, அதுவே நோய்க்கு வழி செய்யும். நிமிர்ந்த காதுள்ள பொமரேனியனுக்கு மாதக்கணக்கில் கழுவத் தேவையே இராது. தொங்கு காதுக்காரர்களுக்குக் குளித்த பிறகும், மழையில் நனைந்த பிறகும் காதைத் துடைத்து உலர்த்துவது முக்கியம். குளிப்பாட்டும்போது தலையில் சொம்பால் கொட்டாமல், முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. புதிதாகக் குட்டி வாங்கியிருக்கிறீர்களா? பிறந்து சுமார் இரண்டு வாரம் வரை அதன் காதுத் துவாரம் மூடியே இருக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் வயதில் திறந்துவிட்டிருக்கும். முதல் நாளிலிருந்தே கொஞ்சும்போது காதையும் தொட்டுப் பழக்கிவிடுங்கள். பின்னால் மல்யுத்தம் வேண்டியிராது.

மயிர் விஷயத்துக்கு வருவோம். உள்ளே முளைக்கும் மயிரைக் கொத்தாகப் பிடுங்கிவிடுவது முன்பெல்லாம் வழக்கம். காது நன்றாக இருக்கும்போது வீணாகப் பிடுங்க வேண்டாம் என்று இப்போது பல வைத்தியர்கள் சொல்கிறார்கள். பிடுங்கிய இடம் சிவந்து புண்ணாகலாம். அடைத்துக்கொண்டு தொந்தரவு கொடுத்தால் அவர்களே பார்த்து எடுக்கட்டும். மடலுக்கு வெளியே தொங்குவதுதான் உங்கள் பொறுப்பு. காதுக்குப் பின்னால் மெல்லிய மயிர் இருக்கிறதே, அங்கேதான் சிக்கு விழும். தலைவாரும்போது குழந்தைக்குச் செய்வீர்களே, அதே போல் அடியில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீப்பைப் போடுங்கள். சிக்கைக் கத்தரியால் வெட்டப் போகாதீர்கள். மடலின் தோல் காகிதம் போல் மெல்லியது. சிக்கோடு சேர்ந்து அதுவும் கத்தரிக்குள் வந்துவிடும். வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

தலை மயிரைக் குடுமியாகக் கட்டி ரப்பர் வளையம் போடுகிறவர்கள், காதின் நுனி அதில் மாட்டவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். மயிருக்குள் மறைந்து இறுக்கிக்கொண்டிருக்கும் ரப்பர், ரத்த ஓட்டத்தைத் தடுத்து அந்தப் பகுதியையே அழுக வைத்துவிடும். சாப்பிடும்போது இரண்டு காதும் தயிர்சாதத்தில் தோய்கிறதா? பழைய காலுறையின் நுனியை வெட்டித் தலைக்கு மாட்டிவிடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் கழற்றிவிடலாம்.

காது மடலின் உட்புறம் உண்ணிக்கும் பிரியமான இடம். மிளகு போல் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட் உள்ள குப்பியில் போடுங்கள். உண்ணிக் காய்ச்சல் சின்ன நாயைச் சில நாளில் உருக்கிவிடும். காதில் நாலைந்து தென்பட்டால் உடம்பில் இன்னும் இருக்கும். அதற்கு மருந்து தனி.

எப்போது வைத்தியரிடம் ஓட வேண்டும்? நாற்றம், சீழ், சிவப்பு, வீக்கம், தொட்டால் அழுகை, காப்பித்தூள் போல் கறுத்த அழுக்கு, இதில் எது இருந்தாலும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தள்ளாடினால் அன்றைக்கே. ஓயாமல் உதறிய வேகத்தில் மடலுக்குள் ரத்தக் குழாய் உடைந்து, காது பூரி போல் உப்பிப் போவதும் உண்டு. அதை நீங்கள் ஊசியால் குத்த வேண்டாம். சென்னைவாசிகளுக்கு, 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை தனி வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

போகும் நாளில் காதைப் பளபளவென்று துடைத்து அழைத்துப் போகாதீர்கள். வைத்தியருக்கு அந்த அழுக்குதான் வேண்டும். அதைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், காளானா, வேறு கிருமியா, பூச்சியா என்று தெரிந்துவிடும். ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றுக்கு உதவாது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை இதே கதையானால், கூடவே பாதத்தையும் நக்கிக்கொண்டிருந்தால், கோளாறு காதில் இல்லை, ஒவ்வாமையில் இருக்கிறது. அதன் மூலம் சாப்பாடாகவும் இருக்கலாம், வீட்டுத் தூசியாகவும் இருக்கலாம். அதைக் கேளுங்கள். கவனிக்காமல் வருஷக்கணக்கில் விட்ட காது உள்ளே தடித்து, எலும்பு போல் இறுகி, துவாரத்தையே அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட வேண்டிய நிலைக்கும் வருவது உண்டு.

மருந்து விட ஆரம்பித்து நாலைந்து நாளிலேயே சொறிவது குறைந்துவிடும். “சரியாய்ப் போச்சு” என்று பாட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். சுரங்கத்தின் கோடியில் கிருமி இன்னும் மிச்சம் இருக்கும். அது போய்விட்டதா என்று மறுபடி உள்ளே பார்த்தால்தான் தெரியும். திரும்ப வரச் சொன்ன தேதியைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.