கரி பிடிச்சா யார் குத்தம்?

காலை ஆறு மணிக்கு சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டுல நின்னு பாருங்க. ஷிஃப்ட் பஸ்... அது பின்னாடி இன்னொரு ஷிஃப்ட் பஸ்... நடுவுல டீ கிளாஸோட தூக்கக் கலக்கத்துல நாலு பேர் நிப்பாங்க. அதுல ஒருத்தன் நான்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம், இன்பிளான்ட் ட்ரெயினிங். கம்பெனிக்குப் போக மாமா தானம் பண்ணின ஆர்.எக்ஸ். 100 இருக்கு. போன மாசம் அது ஒரு நாள் இழுக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சது. மெக்கானிக் அண்ணன் சைலன்ஸர் உள்ளே இருந்த குழாயை உருவிக் காட்டினார். தார் ரோடு போட்ட மாதிரி கரி!

"என்ன ஆயில் தம்பி ஊத்துற?"

"கிடைச்சதைத்தான்ணே..."

"அப்புறம் வண்டியைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

அந்தக் கேள்வி எனக்கு வேற இடத்துல சுருக்னு குத்துச்சு. போன வருஷ என்.சி.சி. கேம்ப். பாயின்ட் டூ-டூ ரைஃபிள்ல சுட்டு முடிச்சதும் கயித்துல சிந்தித் துணியைக் கட்டி பேரல் வழியா இழுத்து சுத்தம் பண்ணணும். என் ஸ்குவாடு ஜூனியர் ஒருத்தன் கொண்டு வந்த துப்பாக்கியில துணியை விட்டேன், கறுப்பா வந்துச்சு. "நாலு தடவை இழுத்துட்டேன் அண்ணே"ன்னு சொன்னான். நம்பலை. சீனியர் கெத்துல கிரவுண்டுல உருள வெச்சேன்.

அவன் சொன்னது உண்மையாத்தான் இருக்கணும். எப்படின்னு கேளுங்க.

துப்பாக்கியும் ஒரு இன்ஜின்தாங்க. பேரல்தான் சிலிண்டர், தோட்டா முனையில இருக்குற குண்டுதான் பிஸ்டன். என்ன, இந்த பிஸ்டன் திரும்பி வராது! உள்ளே எரியற மருந்துதான் பெட்ரோல். அது எப்படி எரியுதோ, அதுக்கேத்த அழுக்குதான் பேரல்ல தங்கும். பாயின்ட் டூ-டூவுல குண்டு வெறும் ஈயம். மருந்தோட புகைக்கரியும் ஈயப் பூச்சும் சேர்ந்து ஒட்டிக்கும். நாலு இல்லை, பத்து தடவை இழுத்தாலும் துணி கறுப்பா வர்றது சகஜம்.

பழைய கறுப்பு மருந்து எரிஞ்சா, அதோட எடையில பாதிக்கு மேல புகையாவும் சாம்பலாவும்தான் மிஞ்சும். குழாய்ல தங்கற சாம்பல் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து பேரலைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனா தண்ணியில கரையும், வெந்நீர் ஊத்திக் கழுவினாப் போதும். இந்த அழுக்கு மூலையில அடையக் கூடாதுன்னே பிரிட்டிஷ்காரங்க 1888-ல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளோட உள்வரிகளை ஆழம் இல்லாம, வழவழன்னு வெட்டினாங்க.

அப்புறம் வந்தது கார்டைட். 1889-ல் ஏபல், டீவர்னு ரெண்டு விஞ்ஞானிகள் பண்ணினது. நைட்ரோகிளிசரின் 58 சதவிகிதம், வெடிபஞ்சு 37. மீதி 5? வாஸலின்! நாம உதட்டுக்குத் தடவுற அதே வகைதான். பேரல்ல உலோகம் ஒட்டாம வழுக்கிவிடும்னு சேர்த்தாங்க. அது மொத்தமா எரிஞ்சுபோச்சு. ஆனா மருந்து சீக்கிரம் கெடாம இருக்க அது உதவினதால, அப்படியே விட்டுட்டாங்க. கார்டைட் எரியற சூட்டுல அந்த மெட்ஃபோர்டு வரிகள் தேஞ்சே போச்சு. 1895-ல் ஆழமான என்ஃபீல்டு வரிகளுக்கு மாற வேண்டியதாச்சு. பிறகு நைட்ரோகிளிசரினையும் 30 சதவிகிதமாக் குறைச்சாங்க.

இது ஏதோ லண்டன் கதை இல்லை. ஊட்டி ரயில்ல போயிருக்கீங்களா? வெலிங்டன் தாண்டினதும் அருவங்காடு ஸ்டேஷன் வரும். அங்கேதான் பிரிட்டிஷ் காலத்துல ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி இன்னும் ஓடுது. 2021 அக்டோபர்ல இருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கையில. ரைஃபிள் செய்யற தொழிற்சாலை திருச்சியில. மருந்து நீலகிரியில, குழாய் காவிரிக்கரையில... ரெண்டுமே நம்ம ஊர்லதான்!

மருந்தை மாத்தினா என்ன ஆகும்கிறதுக்கு வியட்நாமைப் பாருங்க.

எம்-16 ரைஃபிளோட மூல வடிவத்தை யூஜின் ஸ்டோனர் உருவாக்கினப்போ அதுல எரிஞ்சது குச்சி குச்சியா இருக்குற ஒரு வகை மருந்து. 1964-ல் அமெரிக்க ராணுவம் உருண்டையா இருக்குற வேற மருந்துக்கு மாறுச்சு. ரைஃபிள் தேவைக்கு மேல வேகமா ஓட ஆரம்பிச்சது. மருந்துல இருக்குற அமிலத்தை அடக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட், அதாங்க சுண்ணாம்புக் கல்லுல இருக்குற சரக்கு, துப்பாக்கியோட மெல்லிய வாயுக் குழாய்ல படிய ஆரம்பிச்சது. சுட்டு முடிச்ச காலித் தோட்டா அறைக்குள்ளேயே சிக்கிக்கிட்டு வெளியே வராது. சண்டை நடுவுல கம்பியை விட்டுக் குத்தி எடுக்கணும். பிரிச்சுப் போட்ட ரைஃபிளுக்குப் பக்கத்துலயே நண்பர்கள் செத்துக் கிடந்தாங்கன்னு 1967-ல் ஒரு வீரர் வீட்டுக்கு எழுதின கடிதம் அமெரிக்காவையே உலுக்குச்சு.

ராணுவம் சொன்ன முதல் பதில் என்ன தெரியுமா? "நீங்க ஒழுங்கா சுத்தம் பண்ணலை!" இத்தனைக்கும் இந்த ரைஃபிளுக்கு சுத்தமே அதிகம் தேவையில்லைன்னு பேச்சு பரவியிருந்தது. துடைக்கற சாமானும் எல்லாருக்கும் போய்ச் சேரலை. 1967-ல் ரிச்சர்டு இக்கார்டு தலைமையிலான நாடாளுமன்றக் குழு விசாரிச்சு, மருந்தை மாத்தினதுதான் பெரிய காரணம்னு சொல்லிடுச்சு. அப்புறம் கார்பனேட் அளவைக் குறைச்சாங்க, தோட்டா அறைக்கு குரோமியம் பூசினாங்க, துடைக்கற சாமான் கொடுத்தாங்க. 1968-ல் சுத்தம் பண்ற முறையை காமிக்ஸாவே போட்டாங்க. வரைஞ்சவர் காமிக்ஸ் ஜாம்பவான் வில் ஐஸ்னர். நம்ம லேப் மேனுவலை யாராச்சும் இப்படிப் போட்டா அரியரே விழாது!

எதை வெச்சு துடைக்கணும்கிறதும் எரிஞ்ச சரக்கைப் பொறுத்ததுதான். பழைய தோட்டாவோட திரியில பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் பேரல்ல உப்பு தங்கும். எண்ணெய் எவ்வளவு போட்டாலும் உப்பு கரையாது, கொதிக்கற தண்ணிதான் மருந்து. இப்போ குண்டு மேல தாமிர உறை. அந்தத் தாமிரம் வரிகள்ல ஒட்டும். அமோனியா கலந்த திரவத்துல துடைச்சா துணி நீலமா வரும். அதுக்கும் மருந்துலயே வழி தேடறாங்க. அமெரிக்காவுல சொந்தமா தோட்டா நிரப்பிக்கிற ஆட்களுக்குன்னு தாமிரம் ஒட்டாம பாத்துக்கிற மருந்தே கடையில விக்குது. நம்ம ஊர்ல அந்த ஆசையெல்லாம் வேண்டாம் பாஸ். உரிமம் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி கம்பி எண்ணணும்.

இதையெல்லாம் படிச்ச அன்னிக்கு ராத்திரியே அந்த ஜூனியருக்கு போன் போட்டேன்.

"டேய், அன்னிக்கு கேம்ப்ல உருள விட்டேன்ல... சாரிடா. உன் மேல தப்பு இல்லை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன்ணே, இப்பதான் ஞாபகம் வந்துச்சா? முட்டி ஒரு வாரம் வலிச்சுது."

"சரிடா, என்ன வேணும் சொல்லு."

"அடுத்த கேம்புக்கு ஒரு கட்டு நல்ல சிந்தித் துணி வாங்கிக் குடுத்துடுங்கண்ணே. இருக்குறதெல்லாம் கிழிஞ்சு போச்சு."

வாலாஜாபாத் ரோட்டுல ஒரு பனியன் வேஸ்ட் கடை பாத்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை போகணும்.