ஒரே மலை, இரண்டு சட்டம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் உச்சியில் மாநில எல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அந்த எல்லைக்குக் கீழே ஆங்கிலேயரின் மதுரை மாவட்டம், மேலே ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு. அடிமை முறைக்கு எதிரான சட்டம் கீழே 1843-இல் வந்தது. மேலே வர 1855 ஆனது.

அதே 1855-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பகுதியில் அடிமை முறை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஆயுதமேந்தி மோதத் தொடங்கினார்கள். ஆறே ஆண்டில் அது உள்நாட்டுப் போரானது. இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை?

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். தென் மாநிலங்களின் பருத்தியும் செல்வமும் அவர்கள் உழைப்பில் நின்றன. சச்சரவு முற்றியதோ மேற்கே புதிதாகச் சேரும் நிலங்களில் அடிமை முறையை அனுமதிக்கலாமா என்பதில். புது மாநிலம் ஒவ்வொன்றுக்கும் செனட்டில் இரண்டு இடம். ஆகவே யார் பக்கம் மாநிலங்கள் கூடுகின்றனவோ அவர்கள் கையில் நாடு. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், புதுப் பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்து சமரசத்தின் வழியை அடைத்தது. 1860 அதிபர் தேர்தலில், அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் தெற்கின் ஆதரவில்லாமலே வென்றார். இனி ஓட்டை நம்பிப் பயனில்லை என்று பண்ணை முதலாளிகள் முடிவுகட்டினார்கள். தென் மாநிலங்களின் சட்டமன்றமும் படையும் அவர்கள் கையிலேயே இருந்தன. டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில் போர். 6 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

இங்கே நிலக்கிழார்களுக்கு அப்படித் தனி அரசு இல்லை. திருவிதாங்கூர் மன்னருக்கு மேலேயே ஆங்கிலேய ரெசிடென்ட் இருந்தார். அதைவிட முக்கியம், சட்டம் நிலக்கிழார்களின் மடியில் கைவைக்கவில்லை. ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்பதே 1843 சட்டத்தின் சாரம். நிலம் கைமாறவில்லை. விடுதலையானவர் மறுநாளும் அதே வயலில்தான் வேலை கேட்டு நிற்க வேண்டும். போர் வரவில்லை என்று நாம் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த அமைதிக்கான விலையை உழைத்தவர்களே கொடுத்தார்கள்.

பிறகு கடன் வந்து அடிமை முறையின் இடத்தில் உட்கார்ந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைச் சிறைக்கு அனுப்ப 1859-இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டமே போட்டது. அதை நீக்க 1925 ஆயிற்று. மலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் கையில் இருந்த கயிறும் அந்த முன்பணம்தான். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். குனிந்தோ குந்தியோ, பழுத்ததும் பிஞ்சும் பார்த்து விரலால் பிரித்தெடுக்க வேண்டும். இன்றும் ஆள் இல்லாமல் ஆகாது. ஆள் கட்டாயம் தேவைப்படும் வேலையில்தான் ஆளைக் கட்டிவைக்கும் ஆசையும் வரும்.

விடிகாலை ஜீப்பில் போடியிலிருந்து மலையேறி அந்தியில் இறங்குபவர்களைக் கொத்தடிமைகள் என்று சொல்லிவிட முடியாது. நாள்கூலி வாங்கித் திரும்புகிறவர்கள் அவர்கள். முன்பணக் கடனுக்காகத் தோட்டத்தைவிட்டு வெளியேற முடியாமல் ஒருவர் இருந்தால் அது வேறு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் அப்போதே செல்லாது. அவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. மாவட்ட ஆட்சியரிடம் புகார் கொடுக்கலாம். தோட்டம் மேலே இருந்தால் அது இடுக்கி ஆட்சியர், கீழே இருந்தால் தேனி ஆட்சியர். சட்டம் இப்போது இரண்டு பக்கமும் ஒன்றே.