கொழுந்துக்குள் இருக்கும் முதல்

டயகமவில் இன்று பறித்த கொழுந்து நாளை கறுத்த தேயிலையாகி விடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது ஸ்டோரிலுள்ள இயந்திரம் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு புரதம்தான் அதைச் செய்கிறது. பொலிபீனோல் ஒக்சிடேஸ் எனப்படும் இந்த நொதியம் செப்பு அணுக்களைத் தாங்கியது. இலைக் கலத்தில் இது ஓரிடத்திலும், கற்றெக்கின் எனும் துவர்ப்புப் பொருள் வேறோரிடத்திலும் இருக்கின்றன. ரோலரில் இலை கசங்கும்போது இரண்டும் கலந்து, தேநீருக்குப் பொன்னிறமும் உறைப்பும் தரும் தியாபிளேவின் உருவாகிறது.

இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது? 2023இல் நம் நாடு சுமார் 256 மில்லியன் கிலோ தேயிலை உற்பத்தி செய்தது. பெரும்பகுதி இலையாகவே, நிறை பார்த்து விலைப்பட்டது. தியாபிளேவின் சாறோ போஷாக்கு மாத்திரைச் சந்தையில் தனிச் சரக்கு. உடனடித் தேநீர் செய்யும் கம்பனிகள் பூஞ்சணத்திலிருந்து பெறும் டானேஸ் நொதியத்தை ஏற்கனவே காசு கொடுத்து வாங்குகின்றன. தேயிலையின் சொந்த நொதியமும் போத்தலில் கிடைத்தால், மலிவான கொழுந்தின் கற்றெக்கினையும் விலையுள்ள பொருளாக்கலாம்.

ஆனால் அதைப் பிரித்தெடுப்பது இலேசல்ல. இலையை அரைத்த கணமே துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. பக்டீரியாவுக்குள் வளர்த்தால் பெரும்பாலும் சரியாக மடியாமல், பயனற்ற கட்டியாகத் திரண்டு விடுகிறது.

இத்தகைய முரட்டுப் புரதங்களுக்குக் கைகொடுப்பதே கலமற்ற முறை. உயிருள்ள கலத்தை வளர்ப்பதற்குப் பதிலாக, அதை உடைத்துப் புரதம் கட்டும் உறுப்புகளை மட்டும் எடுத்து, அமினோ அமிலங்களும் சக்தி தரும் பொருளும் மரபணுக் கட்டளையும் சேர்த்துக் குழாயில் வைப்பார்கள். 1961இல் நிரன்பேர்க்கும் மத்தேயும் மரபுக் குறியீட்டை வாசிக்கத் தொடங்கியது இப்படித்தான். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் எண்டோ குழுவினர் கோதுமை முளையைப் பயன்படுத்தினர். முளையில் ஒட்டியிருந்த மாப்பகுதியில் புரத உற்பத்தியை நிறுத்தும் நச்சு இருந்தது. அதைக் கழுவி நீக்கியதும், சில மணி நேரத்தில் நின்றுபோன வேலை நாட்கணக்கில் தொடர்ந்தது. 2000இல் வெளியான இந்த முடிவு, கழுவுவதிலும் காசு இருக்கிறது என்று காட்டியது!

குழாய் திறந்தே இருப்பதால் பக்குவத்தை மாற்றிப் பார்ப்பது சுலபம். மக்னீசியத்தைக் கூட்டிக் குறைக்கலாம், செப்பைச் சேர்க்கலாம், மடிய உதவும் துணைப் புரதங்களை இடலாம். 15 பாகை அளவுக்குக் குளிர்வித்தால் வேகம் குறையும், ஆனால் பல புரதங்கள் ஒழுங்காக மடியும். ஒரு துளியே போதும் என்பதால் பல கலவைகளை ஒரே நாளில் சோதிக்கலாம்.

செலவுதான் முட்டுக்கட்டை. கலிபோர்னியாவின் சுத்ரோ கம்பனி 2011இல் 100 லீற்றர் அளவில் இம்முறையைச் செய்து காட்டியது. ஆனால் அது மருந்துப் புரதம், மருந்து விலை. தேயிலை நொதியத்துக்கு அந்த விலை கட்டாது. சரியான பக்குவத்தைக் கலமற்ற முறையில் கண்டறிந்து, பின்னர் மதுவத்தில் பெருமளவில் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது என எனக்குத் தோன்றுகிறது.

டயகமவில் பஸ் ஏறினால் அக்கரப்பத்தனை, லிந்துலை தாண்டித் தலவாக்கலை. 1925இல் ஆரம்பிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. சீன விஞ்ஞானிகள் தேயிலையின் மரபணுத் தொகுதியை 2017இல் வெளியிட்டு விட்டார்கள். இனி இந்த நொதியத்தைச் செய்ய விரும்பும் எந்த நாட்டுக் கம்பனியும் மரபணுவை எழுதித் தரச் சொல்லி வாங்கலாம். அதற்கு டயகமவின் ஒரு கொழுந்துகூடத் தேவையில்லை.