ஓட்டு வீடும் தார்சு வீடும்

உடுமலைப்பேட்டையில் சொந்த வீட்டுக்குக் குடிபோக நினைக்கும் குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. கச்சேரி வீதி, தளி ரோடு போன்ற பழைய பகுதிகளில் தாத்தா காலத்தில் கட்டிய வீட்டை வாங்கிச் சீர்செய்து கொள்வது ஒரு வழி. கணக்கம்பாளையம், பெரியகோட்டை, போடிபட்டி என நகரை ஒட்டிய ஊராட்சிகளில், தோட்டம் சைட்டாக மாறிய இடத்தில் எழும் புது வீட்டை வாங்குவது இன்னொரு வழி. பழையது என்றால் ஊருக்கு நடுவே இருக்கலாம், புதியது என்றால் கார் நிறுத்தலாம் என்ற அளவிலேயே பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள்களால், வெவ்வேறு மண்ணின் மேல், வெவ்வேறு சட்டங்களின் காலத்தில் உருவானவை. குறைகள் ஒளிந்திருக்கும் இடமும் வேறு. பழைய வீட்டின் சுவரும் கூரையும் தங்கள் நோயைக் கண்ணுக்குக் காட்டிவிடும். பத்திரத்தில்தான் சிக்கல் மறைந்திருக்கும். புது வீட்டில் பத்திரம் பெரும்பாலும் நேராக இருக்கும். பூச்சுக்குள் போன கம்பியும் மண்ணுக்குள் போன கடைக்காலும்தான் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டைப் பார்க்கும் முன் ஊரின் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை மேல்காற்று உடுமலைப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். பூளவாடி, குடிமங்கலம், பெதப்பம்பட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆனைமலைத் தொடர் மழையைத் தடுத்துக்கொள்வதால் அந்த மாதங்களில் காற்றும் புழுதியும்தான் மிச்சம். நல்ல மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் வருவது. பங்குனி, சித்திரையில் வெயில் தாங்காது. இந்த மூன்றையும் ஒரு வீடு எப்படித் தாங்குகிறது என்பதே முதல் கேள்வி.

வெயிலைப் பொறுத்தவரை பழைய வீட்டுக்குத்தான் வெற்றி. கொங்குப் பகுதியின் தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே வானம் பார்த்த தொட்டி, அதைச் சுற்றித் தாழ்வாரம், முன்பக்கம் திண்ணையும் ஆசாரமும் இருக்கும். செம்மண்ணாலோ, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்தோ எழுப்பிய சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் வரும். பகலில் வெளிப்புறம் ஏறும் சூடு அந்தக் கனத்தைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டு இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். தொட்டி வழியாக வெளிச்சமும் காற்றும் இறங்கும். கைவினையான நாட்டு ஓட்டுக்குப் பிறகு வந்தது சீமை ஓடு. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலைதான் அதன் பிறப்பிடம். ஒன்றோடொன்று கொக்கி போட்டு அமரும் அந்த ஓடு, எடை குறைந்ததாகவும் ஒழுக்கு குறைந்ததாகவும் இருந்ததால் நாட்டு ஓட்டின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது.

அதே வீட்டின் நோய்கள் மூன்று: ஓதம், செல்லு, காற்று. பழைய கடைக்காலில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது என்பதால், நிலத்தின் நீர் சுவரில் முழங்கால் உயரம் வரை ஏறி நிற்கும். சுண்ணாம்பு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும். இங்கே பலர் செய்யும் தவறு, அந்த மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசிவிடுவது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டவை. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரம் சுவரைக் கரைக்கும். பூச்சு ஒரு நாள் பாளமாகக் கழன்று விழும். விற்பதற்காகப் புதிதாகச் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்த பழைய வீட்டைவிட, அழுக்குச் சுண்ணாம்போடு நிற்கும் வீடே நம்பிக்கையானது. அதில் உள்ளது உள்ளபடி தெரியும்.

செல்லு எனப்படும் கரையானைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உத்தரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில், வாசல் நிலையின் அடிப்பாகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கு முனையைத் தடுக்கும். அரித்த மரம் வழிவிடும். கூரையில் ஒரு ஓட்டை எடுத்துச் சுண்டினால் கணீரென்ற சத்தம் வர வேண்டும். மேல்காற்று முதலில் புரட்டுவது மேற்குச் சரிவின் ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும்தான் என்பதால் அந்தப் பக்கத்து ரீப்பரில் நீர்க்கறை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஓடு மாற்றலாம், ரீப்பர் மாற்றலாம். ஓட்டு வீட்டின் பெரிய வசதியே அதைத் துண்டுதுண்டாகச் சரிசெய்ய முடியும் என்பதுதான்.

நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தார்சு வீட்டுக்கு, அதாவது கான்கிரீட் மேல்தளம் போட்ட வீட்டுக்கு, அந்த வசதி இல்லை. மேல்தளத்தில் இறங்கிய நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறிய கம்பி உப்பும். உப்பிய கம்பி அடிக்காரையை உடைத்துத் தள்ளும். கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீடு என்றால், பொறியாளரைக் கூட்டிவந்து பார்க்காமல் பேச்சைத் தொடங்கவே கூடாது. பழைய வீடுகளில் அதிகம் யோசிக்க வேண்டியது மண்சுவர் ஓட்டு வீட்டை அல்ல, இந்த இடைக்காலத் தார்சு வீட்டைத்தான். எர்த் இல்லாத பழைய ஒயரிங்கும் துருப்பிடித்த இரும்புக் குழாயும் எந்தப் பழைய வீட்டிலும் இருக்கக்கூடியவை. அவற்றை முழுதாக மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது பத்திரம். பழைய வீட்டின் மூலப்பத்திரத்தில் 'பொதுச்சுவர்', 'மாமூல் தடம்' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேட வேண்டும். வீதியில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் நடுச்சுவர் இரண்டு பேருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டும் நாளில் அந்தச் சுவரின் நிலை என்ன என்பது இந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. பின்கட்டுக்குப் போகும் தடம் இன்னொருவர் இடத்தில் இருந்தால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைவிடக் கனமானது வாரிசுக் கையெழுத்து. தாத்தாவின் வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது ஒரு காலத்தில் சாதாரணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. 2005-ன் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகளைத் திருத்தச் சட்டம் தொடுவதில்லை. ஆகவே பொள்ளாச்சிக்கோ தாராபுரத்துக்கோ கட்டிக்கொடுத்த அத்தைமார் எல்லோரும் கிரையத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "எங்க அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற வாய்வார்த்தைக்குச் சட்டத்தில் இடமில்லை. அது நியாயமும் அல்ல. அந்தப் பங்கு அவர்களுடையது. வில்லங்கச் சான்று பத்திரப் பதிவுகளை மட்டுமே காட்டும், பதிவாகாத வாரிசுரிமையைக் காட்டாது என்பதை வாங்குவோர் மறக்கக் கூடாது.

புது வீட்டுக்கு வந்தால், முதல் கேள்வி மண். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் விளைந்த நிலங்கள் பல இன்று மனைகளாகிவிட்டன. சில இடம் செம்மண், சில இடம் கரிசல். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேலேயே கடைக்காலை நிறுத்திய வீட்டில் ஓரிரு மழைக்காலத்துக்குள் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை தோண்டியிருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, மூடிய கிணறு. தோட்டத்துக் கிணற்றை மண்ணால் நிரப்பி மனை பிரித்த இடத்தில், அந்த மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். பழைய புலப்படத்தைப் பார்ப்பதோடு, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் கிணறு எங்கே இருந்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து சுவரும் காரையும். கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. ஹாலோ பிளாக்கும் சாம்பல் கல்லும் இன்று பரவலாகிவிட்டன. அவை தம்மளவில் குறையான பொருள்கள் அல்ல. குறை வருவது பெரும்பாலும் தண்ணீரில் செய்யும் சிக்கனத்தால். கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர நெறி சொல்கிறது. ஆடிக் காற்றில் காலையில் ஊற்றிய நீர் சீக்கிரமே காய்ந்துவிடும். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தினார்களா, தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றினார்களா என்பதே அந்த வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். இதனால்தான் முடிந்த புது வீட்டைவிடக் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டை வாங்குவது மேல். கம்பி கட்டும் நாளில் போய் நின்று பார்க்கலாம். முடிந்த வீடு என்றால் மிஞ்சுவது சின்னச் சோதனைகள்தான். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டினால் வெற்றுச் சத்தம் வரும் இடம் பின்னால் பெயரும். குளியலறையில் ஒரு குடம் நீர் ஊற்றினால் அது சலதாரைப் பக்கம் போகிறதா, வாசற்படிப் பக்கம் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

சட்டப் பாதுகாப்பில் புது வீட்டுக்கு ஒரு நன்மை உண்டு. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த திட்டத்தில் ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், 30 நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டியது கட்டியவர் பொறுப்பு. ஆனால் நிலம் 500 சதுர மீட்டரை, அதாவது சுமார் 12 செண்டைத் தாண்டாத திட்டத்துக்கும், எட்டு வீடுகளைத் தாண்டாத திட்டத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. உடுமலை போன்ற ஊரில் இரண்டு, மூன்று வீடு கட்டி விற்கும் மேஸ்திரியும் ஒப்பந்தக்காரரும் இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே அது கிடைக்காமல் போவது பெரிய குறை. ஜப்பானில் 2000-ல் வந்த சட்டம் எல்லாப் புது வீட்டுக்கும் முக்கியக் கட்டமைப்புக்கு 10 ஆண்டுப் பொறுப்பை வைத்திருக்கிறது. இங்கே அந்த நிலை வரும் வரை, ஐந்தாண்டுப் பொறுப்பைக் கிரைய ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குவது ஒன்றே வழி. மனை அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு மட்டுமே.

செலவில் ஒரு வேறுபாடு. கட்டி முடியாத வீட்டைக் கட்டுநரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் அது கிடையாது. கிரையப் பதிவில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம்.

தண்ணீரில் பழைய வீட்டுக்கு அனுகூலம் உண்டு. நகராட்சி எல்லைக்குள் திருமூர்த்தி அணைத் தண்ணீருக்குக் குழாய் இணைப்பு ஏற்கெனவே இருக்கும்; பெயர் மாற்றினால் போதும். ஊராட்சிப் பகுதியில் ஊராட்சி இணைப்பு வந்துவிட்டதா, போரின் ஆழம் என்ன, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். புது வீட்டில் அந்தக் குழாய் உண்மையிலேயே ஒரு குழிக்குள் போகிறதா என்று பார்ப்பது நல்லது.

மொத்தத்தில், சுவர் காய்ந்திருந்து, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடத் தயாராக இருந்தால், ஊருக்குள் இருக்கும் ஓட்டு வீடு வாங்கத் தகுந்தது. முன்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பொடக்காலி எனும் பின்பக்கம் சமையலறையையும் கழிப்பறையையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். முதியவர் உள்ள குடும்பத்துக்கு அது பொருத்தமாகவும் அமையும். ஒரு கையெழுத்து வராது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும். கடைக்காலைக் கண்ணால் பார்த்த புது வீடு என்றால் தயங்கத் தேவையில்லை. ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிபுகுவதில்லை. ஐப்பசி மழையில் வீடு பார்க்க யாரும் கிளம்புவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த இரண்டு மாதத்திலும் ஒரு முறையாவது அந்த வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள்.