வாய்ச்சொல்லும் ரசீதும்



எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதியிலிருந்து 3,000 வெள்ளி கொடுத்து, உயர்ரக ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்தார். பழைய பாட்டுகளை நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆறு வாரத்தில் வரும் என்றார் கடைக்காரர். ஆறு மாதமாகியும் வரவில்லை. ரசீதை வாங்கிப் பார்த்தேன். தொகை மட்டுமே இருந்தது.

தாமதமெல்லாம் மோசடியல்ல. இத்தகைய பெட்டிகளைப் பெரும்பாலும் கேட்ட பிறகே, கேட்ட நிறத்தில் செய்கிறார்கள். மரப்பெட்டி, கூம்பு, காந்தம் ஆகியவற்றில் ஒன்று வரத் தவறினாலும் வேலை நின்றுவிடும். பிறகு கப்பல் பயணம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே சிக்கியதால், ஆறு நாள் நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன.

ஆகவே, முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். முன்பணம் மட்டும் கொடுங்கள். பொருளின் பெயர், நிறம், தரவேண்டிய நாள், அந்நாள் தவறினால் பணம் திரும்பும் என்ற உறுதி ஆகிய நான்கையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளையைக் கடையிலேயே அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

நாள் கடந்தால் கடிதம் எழுதி, புதிய கெடு வையுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதிலில்லையா? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை மூன்று ஆண்டுக்குள் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை.

பொறுமையாகக் காத்திருக்கலாம், ஆனால் கையில் எழுத்தோடு காத்திருங்கள்.