கருணமும் கணிப்பொறியும்

முக்கோணங்களுள் செங்கோண முக்கோணமே மக்கள் வாழ்க்கைக்குப் பெரிதும் பயன்படுவது. தச்சன் கூரைக்குக் கைமரம் அறுப்பதும், அளவையாளன் ஊர்க்கும் ஊர்க்கும் தொலைவு காண்பதும் அதனைக் கொண்டேயாம். செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களும் தெரியின், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, அத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டால் கருணம் கிடைக்கும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே.

போதாயனார் பெயரால் வழங்கும் தமிழ்ச் செய்யுளொன்று வர்க்கமூலமின்றியே கருணம் காண வழி கூறுகின்றது. நெடிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றை நீக்கி, எஞ்சியதனோடு குறிய பக்கத்தின் பாதியைக் கூட்டுக என்பது அதன் கருத்து. பக்கங்கள் 4, 3 எனின், மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5 ஆகும். 12, 5 எனின், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13 ஆகும். இரண்டும் முற்றப் பொருந்துகின்றன. இதுகொண்டு, பிதாகரசின் தேற்றத்தினும் சிறந்ததொன்று நம்மிடம் உண்டெனப் பலர் பெருமிதம் கொள்கின்றனர். அது தகுமா என ஆராய்வோம்.

ஆராய்தற்குக் கணிப்பொறி நல்ல துணை. பைதான் என்னும் நிரல்மொழியில் நான்கைந்து வரிகளே போதும். முதற்கண் கணிதத் தொகுதியை வரவழைத்து, இரு பக்க அளவுகளையும் பெயரிட்டு வைத்தல் வேண்டும். பின்னர், ‘ஹைப்பாட்’ என்னும் சார்பு கருணத்தைத் தரும். ‘ஏட்டான்2’ என்னும் சார்பு கோணத்தைத் தரும். பொறி கோணத்தைப் பாகையில் தாராது, ரேடியனில் தரும் என்பது நினைவிலிருத்தற்பாலது. ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகை. ஆதலின் ‘டிகிரீஸ்’ என்னும் சார்பினால் அதனைப் பாகையாக்குதல் வேண்டும். அதனை 90இல் கழிப்பின் எஞ்சிய கோணமும் கிடைக்கும்.

இனி, நெடிய பக்கத்தை 1 என நிறுத்திக் குறிய பக்கத்தை 0 முதல் 1 வரை சிறிது சிறிதாக உயர்த்தி, இருவழி விடைகளையும் ஒப்பிடுமாறு நிரலை அமைப்போம். குறிய பக்கம் நெடியதில் முக்காலாகவோ பன்னிரண்டில் ஐந்தாகவோ இருக்குங்கால் மட்டுமே பிழை முற்றும் மறைகின்றது. முன் காட்டியவை அவ்விரண்டே. அவற்றினிடையே பிழை நூற்றுக்கு ஒன்றும் இல்லை. இரு பக்கங்களும் சமமாயின், நூற்றுக்கு மூன்றளவு குறைகின்றது. குறிய பக்கம் நெடியதில் காலுக்கும் குறையுமாயின், கருணம் நெடிய பக்கத்தினும் சிறிதாக வந்து நிற்கின்றது! இஃது ஒருபோதும் இயலாததன்றோ?

இதற்கு நம் மாவட்டமே சான்று தரும். கடலூர் ஏறக்குறைய வடக்கு 11 பாகை 45 கலையிலும், கிழக்கு 79 பாகை 45 கலையிலும் உள்ளது; சிதம்பரம் 11 பாகை 24 கலையிலும், 79 பாகை 42 கலையிலும் உள்ளது. இப்பகுதியில் வடதென் ஒரு பாகையின் நீளம் சுமார் 110.6 கிலோமீட்டர். அதனை அளந்தறிந்தவர் லாம்டன் என்பார். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் பறங்கிமலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கி, முக்கோணங்களாலேயே தெற்கு நோக்கி வந்த அவர், தம் முதல் அளவையின் தென்முனையாகக் கொண்டது கடலூரையடுத்த திருவந்திபுரமே என்பது நாம் மகிழ்தற்குரியது.

அவ்வளவின்படி, கடலூரிலிருந்து தெற்கே 38.7 கிலோமீட்டரும், அங்கிருந்து மேற்கே 5.5 கிலோமீட்டரும் சென்றால் சிதம்பரம். பொறி தரும் கருணம், அஃதாவது நேர்த்தொலைவு, 39.1 கிலோமீட்டர், தென்திசையினின்று மேற்கே சாய்ந்த கோணம் 8 பாகை. செய்யுளின் வழியோ 36.6 என்கின்றது. தெற்கே சென்ற தொலைவினும் இது குறைவு.

ஆயின் அச்செய்யுள் பயனற்றதோ? அன்று. கூரைச் சரிவு 22.6 பாகைக்கும் 36.9 பாகைக்கும் இடைப்படின், கைமரம் அறுக்கும் தச்சனுக்கு அது கைகண்ட வழி. எட்டிலொன்று கழித்தலும் பாதி கூட்டலும் மனத்தாலேயே முடியும். அதனைத் தேற்றம் என்றல்தான் தவறு. தொழிலாளர்க்கேற்ற தோராய விதி என்றலே பொருந்தும். வடமொழியிலுள்ள போதாயன சுல்ப சூத்திரம் கூறும் வர்க்க விதி வேறு, இது வேறு.

யாவற்றையும் சோதித்து நல்லதைக் கைக்கொள்ளுமாறு பவுலடியார் தெசலோனிக்கேயர்க்கு எழுதினார். தமிழ் பயில்வார்க்கும் அதுவே நெறி. முன்னோர் சொல்லை அளந்து பார்த்தல் அவர்க்கு இழுக்கன்று. அளவாமல் புகழ்தலே இழுக்கு. அளந்தபின் எஞ்சும் புகழே நிலைக்கும் புகழாம்.