கித்தார் வைத்தியம்

வீணைக்கு மேளம் கட்டுவதை உங்களில் சிலர் ஊரில் பார்த்திருக்கலாம். தண்டியின் மேல் மெழுகை வைத்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி, சுருதி சேர்ந்த இடத்தில் நிறுத்துவார்கள். கித்தாருக்கு அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் அறுத்த காடியில் மெட்டை அடித்து இறக்கிவிடுகிறார்கள். அது நகராது. ஆகையால் தந்தியின் முனையைத்தான் நகர்த்திச் சுருதியைச் சரிக்கட்ட வேண்டும். இந்த வேற்றுமை விளங்கினால் கித்தார் வைத்தியத்தில் பாதி விளங்கிவிடும்.

எனக்கு இது விளங்கியது நம் சங்க அறையின் பீரோவுக்குப் பின்னால் கிடந்த பழைய மின்சாரக் கித்தாரினால். படிப்பு முடித்துப் போன அண்ணன் ஒருவர் விட்டுச் சென்றது அது. “அடுப்புக்கு ஆகும்” என்று ஒரு கடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதிது வாங்கச் சங்கத்திடம் பணம் ஏது? பொங்கல் விழாவுக்கு வாசிக்க ஆள் உண்டு, கருவி இல்லை. கொல்கத்தாவில் லால்பஜாரை அடுத்த ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு சந்துப் பட்டறையில் வேலை செய்யும் முதிய மிஸ்திரி, சனிக்கிழமைதோறும் என்னைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தார். கையை வைத்துச் செய்தது நான். கண்ணை வைத்துத் திருத்தியது அவர்.

முதலில் தண்டி. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு அதை இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்க்கத் தண்டிக்குள் ஓர் எஃகுக் கம்பி மறைந்திருக்கிறது. அதன் முனையிலுள்ள மரையைத் திருகினால் வளைவு குறையும். எங்கள் கித்தாரில் தண்டி வில்லாக வளைந்து, 12ஆம் மெட்டுக்கு மேலே தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதில் பாதி இருந்தாலே போதும். ஒரு நாளைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் திருகக் கூடாது என்பது மிஸ்திரியின் கட்டளை. மரம் மெல்லத்தான் சம்மதிக்கும். முழுக்க நேராக்கிவிடவும் கூடாது. அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. அதற்கு இடம் விட, தண்டியின் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குழிவு இருக்க வேண்டும்.

அடுத்தது மெட்டு. மனத்தைக் கலக்கிய கட்டம் இதுதான். இரண்டாம், மூன்றாம் மெட்டுகளில் தந்தி அழுந்தி அழுந்தி ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. அரத்தால் எல்லா மெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு இழைப்பது வழக்கமான முறை. ஆனால் மெட்டின் உயரமே சுமார் ஒரு மில்லிமீட்டர். இரண்டு மெட்டுகளின் பள்ளத்துக்காக மற்ற 19 மெட்டுகளையும் தேய்த்தால் அவற்றின் ஆயுள் தீர்ந்துபோகும். “தம்பி, மரத்துக்கு மரம் ஒட்டலாம், தேய்த்த மெட்டை வளர்க்க முடியாது” என்றார் மிஸ்திரி, வங்காளமும் இந்தியும் கலந்து. ஆகவே பழுதான இரண்டையும் மட்டும், பற்றவைக்கும் கோலால் சூடேற்றி, மரம் பெயராமல் குறட்டால் மெல்லத் தூக்கி எடுத்தோம். புதிய மெட்டுகளைச் சற்று உயரமாகவே இறக்கி, பக்கத்து மெட்டுகளின் மட்டத்துக்கு அவற்றை மட்டும் இழைத்தேன். மூன்று சனிக்கிழமைகள் போயின.

இனி மின்சாரம். ஒலிவாங்கி வைத்துச் சத்தத்தைப் பிடிக்கும் கருவி இது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தந்தியின் கீழே காந்தம் இருக்கிறது; அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட அதே தத்துவம். நைலான் தந்தி கட்டினால் இந்தக் கருவி ஊமையாகிவிடும் என்பதிலிருந்தே உண்மை தெரியும். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் இவ்வகைச் சுருளை அமைக்க, 1932இல் ரிக்கன்பேக்கர் மின்சாரக் கித்தார் விற்பனைக்கு வந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தார் அது. வடிவத்தைப் பார்த்து ‘வாணலி’ என்று பெயரிட்டார்கள்! அந்த ஹவாய் நாதத்துக்கு வங்காளிகள் மயங்கிய கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

எங்கள் கித்தாரில் இரண்டு சுருள்கள். மல்டிமீட்டரில் ஒன்று 5.8 கிலோ ஓம் காட்டியது. மற்றொன்றில் மின்னோட்டமே செல்லவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சுருள் முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டுமோ என்ற அச்சம் வந்தது. ஆனால் ஈரக் காற்று முதலில் அரிப்பது இணைப்பு முனையைத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வெளிமுனை பச்சை பூத்து அறுந்திருந்தது. ஒரு சுற்றை அவிழ்த்து, கம்பியின் மேலுள்ள பூச்சைச் சுரண்டி, பற்றவைத்தேன். முள் எழுந்து 5.6 கிலோ ஓமில் நின்றது. அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுகள்கூட எனக்குத் தந்ததில்லை. (கித்தாருக்குள் ஆபத்தான மின்னழுத்தம் இல்லை, பெருக்கியின் உள்ளே உண்டு. பெருக்கியை யாரும் விளையாட்டாகத் திறக்க வேண்டாம்.)

கடைசியில் குதிரை. தொடக்கத்தில் சொன்ன முனை இதுதான். எங்கள் கித்தாரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். அதில் சரிபாதி, 324இல், 12ஆம் மெட்டு. நீளத்தை 17.817ஆல் வகுத்தால் தலைப்பக்கத்திலிருந்து முதல் மெட்டின் தூரம் வரும்: 36.4 மில்லிமீட்டர். மிஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. பழைய கைவினைஞர்கள் 18ஆல் வகுத்தார்கள். கணக்கு இவ்வளவு துல்லியமாக இருந்தும் ஸ்வரம் பிசகுவானேன்? விரலால் அழுத்தும்போது தந்தி சிறிது இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. தடித்த தந்தியில் அதன் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. எனவே ஒவ்வொரு தந்திக்கும் குதிரையில் தனித் திருகு. 12ஆம் மெட்டின் நேர்மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் நாதத்தையும், அங்கேயே அழுத்தி மீட்டினால் எழும் ஸ்வரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீட்டவும். இறங்கி ஒலித்தால் முன்னுக்கு இழுக்கவும். புதுத் தந்தி கட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும். துருப்பிடித்த தந்தி எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.

வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண். தண்டி அசைந்தால் மெட்டின் மட்டம் மாறும். தந்தியின் உயரம் மாறினால் குதிரையின் கணக்கு மாறும்.

கித்தார் இப்போது சங்க அறைச் சுவரில் தொங்குகிறது. சத்தத்தைக் கூட்டும் குமிழ் மட்டும் இன்னும் கரகரக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துத் தண்டி மீண்டும் நகரும். அப்போது அளந்து பார்க்க வேண்டும். மரையைத் திருகும் அலன் சாவி மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. எடுப்பவர்கள் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம்.